பத்தியத்தில் இருக்கும் குழந்தைக்கு மீன் எண்ணெய்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பாலை நிறுத்தியாகிவிட்டது. கோதுமையையும் நிறுத்தியாகிவிட்டது. அடுத்து யாராவது ஒருவர், "மீன் எண்ணெய் கொடுத்துப் பாருங்களேன், மூளைக்கு நல்லது" என்பார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஐந்தாறு டப்பாக்களை எடுத்து வைப்பார்கள். எல்லாவற்றின் முன்பக்கத்திலும் ஒரு மீன் படம், '1000 மி.கி.' என்ற பெரிய எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்து வாங்கினால் காசும் போகும், பத்தியமும் கெடும். மீன் எண்ணெயால் பத்தியம் கெடுவது அபூர்வம். எண்ணெயைச் சுற்றி இருக்கும் ஓடு, சுவையூட்டி, நிறம், பொடியாக்கச் சேர்க்கும் பொருள் ஆகியவற்றால்தான் கெடுகிறது. கீழே சொல்வதை அதே வரிசையில் செய்யுங்கள். அவசரப்படாதீர்கள், முழுதும் முடிக்க இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

1. பத்தியத்தில் எது குறைகிறது என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று நாள் சாப்பாட்டை அப்படியே எழுதுங்கள். என்ன, எவ்வளவு, எந்த எண்ணெயில் சமைத்தது என எல்லாம் இருக்க வேண்டும். இதை எடுத்துக்கொண்டுதான் குழந்தை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ போக வேண்டும்.

பால் நின்ற குழந்தைக்கு முதல் கவலை மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு இல்லை, கால்சியம். 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 550 மி.கி. கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி.தான் இருக்கிறது, அந்த 100 கிராமையும் எந்தக் குழந்தையும் தினமும் சாப்பிடாது. அடுத்து வைட்டமின் டி. மீனும் முட்டையும் சாப்பிடாத வீட்டில் பாலும் நின்றுபோனால் பி12 வரும் வழியே அடைபட்டுவிடும். இந்த மூன்றையும் மீன் எண்ணெய் ஈடுகட்டாது. இவற்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மீன் எண்ணெய்ப் பேச்சை எடுக்க வேண்டும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் இந்த மூன்றுக்கும் செலவழியுங்கள்.

மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாதவர்கள்: இரத்தம் உறையாமைக் கோளாறு உள்ள குழந்தை, ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுக்கும் குழந்தை, வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுக்கும் குழந்தை, ஏனென்றால் அந்த மருந்தே இரத்தத் தட்டுகளைக் குறைக்கக்கூடும், அடுத்த சில வாரங்களில் அறுவை சிகிச்சை உள்ள குழந்தை, நீள்சங்கிலிக் கொழுப்பை உடைக்க முடியாத பிறவிக் கோளாறு உள்ள குழந்தை. கடைசியாகச் சொன்ன குழந்தைக்கு டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு தேவைப்படலாம். ஆனால் எது, எவ்வளவு என்பதை அந்த நோயைப் பார்க்கும் நிபுணர் மட்டுமே சொல்ல முடியும்.

2. மீனையே கொடுக்க முடியுமா?

பாலும் கோதுமையும் மட்டும்தான் தடை, வீட்டில் மீன் சமைப்பீர்கள் என்றால் டப்பாவே தேவைப்படாமல் போகலாம். மத்தி, நெத்திலி, அயிலை மூன்றும் மலிவு, மூன்றும் கொழுப்புள்ள மீன். மீனில் இருக்கும் முக்கியமான ஒமேகா-3 கொழுப்புகள் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும்; 100 கிராம் மத்தியில் அவை சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிராம் வரை இருக்கும். பருவத்துக்கு ஏற்ப ஏறும், இறங்கும். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 50 முதல் 75 கிராம் சதை கொடுத்தால் ஆறு வயதுக் குழந்தையின் தேவையில் பெரும்பகுதி முடிந்தது. நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிடும் வயது வந்துவிட்டால் கால்சியமும் சேர்ந்து கிடைக்கும்.

குழம்பாக வையுங்கள், அல்லது இட்லித் தட்டில் வேகவையுங்கள். சூரியகாந்தி எண்ணெயில் முறுகப் பொரித்தால் மீனின் எண்ணெய் கொஞ்சம் வெளியேறி, ஒமேகா-6 நிறைந்த எண்ணெய் உள்ளே ஏறும். கோதுமை தடை என்றால் மீன் வறுவல் மசாலா பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். சிலவற்றில் மைதா சேர்ப்பார்கள். சுறா, மயில் மீன், பெரிய சூரை ஆகியவற்றைக் குழந்தைகளுக்கு வாடிக்கையாகக் கொடுக்காதீர்கள், பெரிய மீன்களில் பாதரசம் சேரும்.

வாசனை, தொடு உணர்வு காரணமாக மீனைத் தொடவே மறுக்கும் குழந்தை, மீன் ஒவ்வாமை உள்ள குழந்தை, சைவ வீட்டுக் குழந்தை ஆகியோருக்குத்தான் அடுத்த படிகள்.

3. ஈரல் எண்ணெயா, உடல் எண்ணெயா?

இதைத் தவறவிட்டால் மற்ற எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை. 'மீன் எண்ணெய்' என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை இரண்டு. மீனின் உடலிலிருந்து எடுப்பது ஒன்று. அதில் ஒமேகா-3 உண்டு, வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். காட் மீனின் ஈரலிலிருந்து எடுப்பது மற்றொன்று. அதில் ஒமேகா-3உடன் வைட்டமின் ஏ, டி இரண்டும் ஏராளம்.

சாதாரண காட் லிவர் ஆயில் ஒரு டீஸ்பூனில், அதாவது 5 மி.லி.யில், வைட்டமின் ஏ சுமார் 1,360 மைக்ரோகிராம் இருக்கும். குழந்தைக்கு ஒரு நாளில் தாண்டக் கூடாத மேல்வரம்பு 1 முதல் 3 வயதுக்கு 600, 4 முதல் 8 வயதுக்கு 900, 9 முதல் 13 வயதுக்கு 1,700 மைக்ரோகிராம். அதாவது ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரே டீஸ்பூனில் வரம்பு தாண்டிவிடும். ஒமேகா-3 போதவில்லை என்று இரண்டு டீஸ்பூன் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வைட்டமின் ஏ உடலில் தங்கும். மாதக்கணக்கில் சேர்ந்தால் தலைவலி, வாந்தி, தோல் உரிதல், எலும்பு வலி, ஈரல் பாதிப்பு என்று போகும்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறார்கள். ஒரு வயதுக்கு மேல் ஒரு வேளையே 2 லட்சம் யூனிட். மல்டிவைட்டமின் சிரப்பும் தினமும் ஓடிக்கொண்டிருக்கும். இவற்றின் மேல் ஈரல் எண்ணெயும் சேர்ந்தால் கணக்கு எங்கோ போய்விடும். வைட்டமின் ஏ அளவைக் குறைத்துத் தயாரித்த காட் லிவர் எண்ணெய்களும் உண்டு, ஆனால் லேபிளில் அந்த எண் தெளிவாக இல்லாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். பாட்டிமார் நினைவில் இருக்கும் சுறா ஈரல் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

முடிவு எளிது: ஒமேகா-3க்காக வாங்குவதென்றால் உடல் எண்ணெய். வைட்டமின் டி குறைவு என்றால் அதைத் தனியாக, மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம்.

4. எவ்வளவு வேண்டும்?

பார்க்க வேண்டிய எண் ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.வும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு கூட்டிய நிபுணர் குழு 2008இல் சொன்ன அளவு:

2 – 4 வயது: நாளுக்கு 100 – 150 மி.கி.
4 – 6 வயது: 150 – 200 மி.கி.
6 – 10 வயது: 200 – 250 மி.கி.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை டி.எச்.ஏ. மட்டும், எடையில் கிலோவுக்கு 10 – 12 மி.கி. அந்த வயதில் தாய்ப்பாலிலும் ஃபார்முலாவிலும் எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் தனியாகக் கொடுக்கக் கூடாது.

இது உணவில் இருக்க வேண்டிய அளவு, நோய்க்கான மருந்தளவு இல்லை. கொழுப்பு உடலில் சேமிப்பாக இருக்கும் என்பதால் வாரச் சராசரி சரியாக இருந்தால் போதும். 300 மி.கி. தரும் கேப்சூல் கையில் இருந்தால் ஏழு வயதுக் குழந்தைக்கு வாரம் ஐந்து நாள் போதும்; சராசரி நாளுக்கு 214 மி.கி. ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு என்றால் அன்று விட்டுவிடலாம்.

டப்பாவில் எழுதியிருக்கும் 'அறிவுத்திறன் வளரும்' என்ற வாக்கியத்துக்காக அளவைக் கூட்டாதீர்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் 7 – 9 வயதுப் பள்ளிக் குழந்தைகள் 362 பேருக்கு 16 வாரம் தினமும் 600 மி.கி. டி.எச்.ஏ. கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் மிகவும் பின்தங்கிய சிலரிடம் முன்னேற்றம் தெரிந்ததாக 2012இல் வெளியிட்டார்கள். அதே ஆய்வைத் திரும்பச் செய்து 2018இல் வெளியிட்டபோது அந்த முன்னேற்றம் தென்படவில்லை. ஆட்டிசத்துக்கும் உறுதியான பலன் நிறுவப்படவில்லை. பத்தியத்தால் வந்த குறையை நிரப்பத்தான் இதைக் கொடுக்கிறோம். அந்த அளவுக்குள் அது நல்ல பொருள்.

5. லேபிளின் பின்பக்கம்

முன்பக்கத்து 1000 மி.கி. என்பது எண்ணெயின் எடை. செறிவூட்டாத சாதாரண மீன் எண்ணெயில் 180 மி.கி. ஈ.பி.ஏ., 120 மி.கி. டி.எச்.ஏ. இருக்கும். மொத்தம் 300, மீதி வேறு கொழுப்பு. '18/12' என்று வியாபாரத்தில் சொல்வது இதைத்தான்.

பின்பக்கத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள்.

'ஒரு பரிமாறும் அளவு' என்ன? பல டப்பாக்களில் அது இரண்டு கேப்சூல். பெரிதாகத் தெரியும் எண்ணை இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். பொடிகளில் 100 கிராமுக்கான எண்ணைப் போட்டிருப்பார்கள். குழந்தை குடிப்பதோ 20 கிராம்.

ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா? 'ஒமேகா-3' என்று ஒரே எண் மட்டும் இருந்தால் அதில் ஆளி விதை எண்ணெயில் வரும் தாவர வகை ஒமேகா-3ஆன ஏ.எல்.ஏ.வும் கலந்திருக்கலாம். உடல் ஏ.எல்.ஏ.யிலிருந்து மிகக் கொஞ்சமே டி.எச்.ஏ. செய்துகொள்ளும். 'ஒமேகா 3-6-9' என்று மூன்றையும் கலந்து விற்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆறும் ஒன்பதும் நம் வீட்டு நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

எண்ணெய் எந்த வடிவம்? ட்ரைகிளிசரைடு என்றால் இயல்பான வடிவம். எத்தில் எஸ்டர் என்றால் செறிவூட்டும்போது மாற்றிய வடிவம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுக்காவிட்டால் சரியாக உறிஞ்சப்படாது. கொஞ்சமாகச் சாப்பிடும் குழந்தைக்கும் எண்ணெய் குறைந்த பத்தியத்தில் இருக்கும் குழந்தைக்கும் ட்ரைகிளிசரைடு நல்லது. இன்னொன்று: எத்தில் எஸ்டர் எண்ணெய் தெர்மாகோல் கப்பைக் கரைக்கும். திரவத்தை எவர்சில்வர் அல்லது கண்ணாடியில் ஊற்றிக் கொடுங்கள்.

உரிம எண் எது? உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் அது உணவுச் சட்டத்தின் கீழ் வரும் பொருள். சேர்மானப் பட்டியலும் ஒவ்வாமைப் பொருள் அறிவிப்பும் அதில் இருந்தாக வேண்டும். மருந்து உரிம எண் மட்டும் இருந்தால் ஓடு எதில் செய்தது, என்ன சுவையூட்டி என்பதெல்லாம் லேபிளில் இல்லாமல் போகலாம். பச்சை வட்டமோ பழுப்பு முக்கோணமோகூட இருக்காது. கடுமையான ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு உணவு உரிமம் உள்ளதையே எடுங்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் உரிம எண்ணும் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ பெட்டியில் கொண்டுவந்தது. பிரச்சினை வந்தால் கேட்க ஆள் இல்லை.

6. உங்கள் பத்தியத்துக்கு ஒத்து வருமா?

பால் ஒவ்வாமை. சாதாரண கேப்சூலில் பால் வர வழி குறைவு. ஆபத்து பொடி வடிவத்தில்தான். எண்ணெயைப் பொடியாக்க அதைச் சுற்றி ஒரு உறை போடுகிறார்கள். அதற்குச் சோடியம் கேசினேட் அடிக்கடி பயன்படும். கேசினேட் பால் புரதம். 'டி.எச்.ஏ. சேர்த்தது' என்று விற்கும் சாக்லேட் பானப் பொடிகள் பலவற்றில் பால் திடப்பொருளும் இருக்கும். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத குழந்தையும் பால் ஒவ்வாமை உள்ள குழந்தையும் ஒன்றல்ல. 'லாக்டோஸ் இல்லை' என்று எழுதியிருப்பது பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பாதுகாப்பு ஆகாது.

கோதுமை, குளூட்டன். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் கெடுவது சீலியாக் நோய்; அது உள்ள குழந்தைக்கு 'குளூட்டன் இல்லாதது' என்ற அறிவிப்பு தேடுங்கள். இந்திய விதிப்படி கிலோவுக்கு 20 மி.கி.க்கு மேல் குளூட்டன் இருந்தால் அப்படி எழுத முடியாது. மால்ட் என்ற சொல் கண்டால் அது பார்லி, வேண்டாம். வைட்டமின் ஈக்காகக் கோதுமை முளை எண்ணெய் சேர்த்த கேப்சூல்களும் உண்டு. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று பார்த்துப் பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் அது மக்காச்சோளம் அல்லது மரவள்ளியிலிருந்து வரும். குழந்தைக்குக் கோதுமை ஒவ்வாமையே இருந்தால் மட்டும் எதிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள்.

சோயா. எண்ணெய் கெடாமலிருக்கச் சேர்க்கும் டோகோஃபெரால் பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுத்தது. குழந்தைகளுக்கான கூழ் போன்ற சிரப்புகளில் சோயா லெசித்தின் இருக்கும். பலருக்கு இந்தச் சிறு அளவு ஒன்றும் செய்யாது. கடுமையான சோயா ஒவ்வாமை என்றால் சூரியகாந்தி டோகோஃபெரால் அல்லது ரோஸ்மேரி சாறு சேர்த்ததைத் தேடுங்கள்.

மீன் ஒவ்வாமை. ஒவ்வாமையைத் தூண்டுவது மீனின் புரதம். சுத்திகரித்த எண்ணெயில் அது மிகமிகக் குறைவு. ஆனாலும் 'குறைவு' என்பதை நம்பி வீட்டில் சோதனை செய்யக் கூடாது. ஓடும் மீன் ஜெலட்டினாக இருக்கலாம். இந்தக் குழந்தைக்குப் பாசி எண்ணெய்தான் சரி.

சைவம். மீனுக்கே டி.எச்.ஏ. பாசியிலிருந்துதான் வருகிறது. ஷிசோகைட்ரியம் என்ற பாசி போன்ற நுண்ணுயிரை வளர்த்து எடுக்கும் எண்ணெயில் டி.எச்.ஏ. நேரடியாகக் கிடைக்கும், குழந்தைகள் ஃபார்முலாவிலும் இப்படிப்பட்ட எண்ணெய் சேர்க்கிறார்கள். இங்கே ஒரு கண்ணி: உள்ளே பாசி எண்ணெய், வெளியே மாட்டு அல்லது பன்றி ஜெலட்டின் ஓடு. பச்சை வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு முக்கோணம் என்றால் ஓடு சைவம் இல்லை. ஆளி விதைப் பொடி கொடுப்பது நல்லதுதான், ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் 1.6 கிராம் ஏ.எல்.ஏ. உண்டு, ஆனால் அது டி.எச்.ஏ.வுக்கு மாற்று இல்லை.

பீனைல்கீட்டோனூரியா. புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனைனை உடைக்க முடியாத பிறவிக் கோளாறு இது. இந்தக் குழந்தைகள் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சாப்பிட முடியாததால் டி.எச்.ஏ. உண்மையிலேயே குறையும். அவர்களுடைய சிறப்பு ஃபார்முலாக்களில் பலவற்றில் அது ஏற்கெனவே சேர்த்திருக்கும். அந்த லேபிளை முதலில் பாருங்கள். தனியாகக் கொடுத்தால் வெறும் எண்ணெய் மட்டும். மெல்லும் மாத்திரையிலும் சிரப்பிலும் ஃபீனைல்அலனைன் உள்ள இனிப்பூட்டியான அஸ்பார்டேம் இருக்கலாம், பட்டியலில் ஐ.என்.எஸ். 951 என்ற எண்ணாகவும் ஒளிந்திருக்கும்.

கீட்டோஜெனிக் உணவு. வலிப்புக்காகக் கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த இந்த உணவில் இருக்கும் குழந்தைக்கு 5 மி.லி. எண்ணெய் என்பது 4.6 கிராம் கொழுப்பு, 40 கலோரிக்குச் சற்று மேல். விகிதக் கணக்கில் சேர்க்க வேண்டும். கம்மி மிட்டாயும் சிரப்பும் தொடவே கூடாது. சர்க்கரை, சார்பிட்டால், கிளிசரின் எல்லாம் மாவுச்சத்துக் கணக்கைக் குலைக்கும்.

நிறமும் சுவையூட்டியும் தவிர்க்கும் வீடுகளில் ஐ.என்.எஸ். 102, 110 என்ற செயற்கை நிறங்கள் இரண்டையும் பாருங்கள். ஆரஞ்சு நிறச் சிரப்புகளில் இவை வரும்.

பொதுவாகச் சொன்னால் சேர்மானப் பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மீன் எண்ணெய், ஓடு, ஒரு டோகோஃபெரால். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பெயரும் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி.

7. நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்

லேபிளில் வாடிக்கையாளர் மின்னஞ்சல் இருக்கும். கடையில் டப்பாவின் பேட்ச் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, வாங்குவதற்கு முன்பே எழுதுங்கள். ஒரு வாரம் பொறுங்கள். பதிலே வராத நிறுவனத்தின் பொருளை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். தொலைபேசியில் சொல்வது போதாது, எழுத்தில் வாங்குங்கள். கேட்க வேண்டியவை:

ஓடு எந்த விலங்கின் ஜெலட்டின்? டோகோஃபெராலும் சுவையூட்டியும் எதிலிருந்து எடுத்தவை? அதே இயந்திரத்தில் பால், கோதுமை, சோயா, கடலை உள்ள பொருள் ஓடுகிறதா? எண்ணெய் ட்ரைகிளிசரைடா, எத்தில் எஸ்டரா? இந்த பேட்சின் சி.ஓ.ஏ. அனுப்ப முடியுமா?

சி.ஓ.ஏ. என்பது பகுப்பாய்வுச் சான்று. அதில் முதலில் பேட்ச் எண் உங்கள் டப்பாவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எந்த பேட்சுக்குக் கேட்டாலும் ஒரே தாளை அனுப்புகிறவர்கள் உண்டு. பிறகு எண்கள். எண்ணெய் எவ்வளவு காறியிருக்கிறது என்று காட்டுபவை மூன்று. மீன் எண்ணெய்க்கான 2017ஆம் ஆண்டு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி பெராக்சைடு மதிப்பு 5க்கு மேல் போகக் கூடாது, அனிசிடின் 20க்கு மேல் போகக் கூடாது, டோடாக்ஸ் 26க்கு மேல் போகக் கூடாது. டோடாக்ஸ் என்பது பெராக்சைடை இரண்டால் பெருக்கி அனிசிடினைக் கூட்டிய தொகை. அவர்கள் கணக்குப் போடாவிட்டால் நீங்களே போடலாம். எலுமிச்சை போன்ற சுவை சேர்த்த எண்ணெயில் சுவையூட்டியே அனிசிடின் எண்ணை உயர்த்திக் காட்டும். சுவை சேர்ப்பதற்கு முன் எடுத்த அளவைக் கேளுங்கள். ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக் நான்கும் தனித்தனியே கிலோவுக்கு 0.1 மி.கி.க்குக் கீழே இருந்தால் நல்லது. பாதரசம் மீனின் சதைப் புரதத்தில் தங்குவதால் சுத்திகரித்த எண்ணெயில் அதிகம் வராது. கொழுப்பில் கரையும் நச்சுகளான பி.சி.பி., டையாக்சின் ஆகியவற்றுக்கும் சோதனை நடந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

மீன் எண்ணெய்களைச் சோதித்துச் சான்று தரும் ஐ.எஃப்.ஓ.எஸ். திட்டத்தின் முத்திரை உள்ள பொருள் என்றால் அவர்கள் தளத்தில் பேட்ச் எண்ணைப் போட்டே அறிக்கையைப் பார்க்கலாம். இந்த வேலை பாதியாகக் குறையும்.

பதில் மின்னஞ்சல், சி.ஓ.ஏ., லேபிள் படம், பில் நான்கையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பள்ளிக்கும் மருத்துவருக்கும் காட்ட உதவும். லேபிளில் சொன்னதும் உள்ளே இருப்பதும் வேறு என்று தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யவும் இவைதான் சாட்சி.

8. காசுக் கணக்கு

டப்பா விலையை ஒப்பிடாதீர்கள். 100 மி.கி. ஈ.பி.ஏ. + டி.எச்.ஏ.வுக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்ட விலைகள் இவை:

60 கேப்சூல், ஒவ்வொன்றிலும் 300 மி.கி., விலை 600 ரூபாய். மொத்தம் 18,000 மி.கி.; 100 மி.கி.க்கு 3 ரூபாய் 33 காசு.

60 கம்மி, ஒவ்வொன்றிலும் 40 மி.கி., விலை 500 ரூபாய். மொத்தம் 2,400 மி.கி.; 100 மி.கி.க்கு 20 ரூபாய் 83 காசு. ஆறு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு ஐந்து கம்மி வேண்டும், அத்தனை சர்க்கரையோடு.

150 மி.லி. திரவம், 5 மி.லி.யில் 800 மி.கி., விலை 1,500 ரூபாய். மொத்தம் 24,000 மி.கி.; 100 மி.கி.க்கு 6 ரூபாய் 25 காசு. ஆனால் குழந்தைக்கு நாளுக்கு 1.5 மி.லி.தான் தேவை, பாட்டில் 100 நாள் வரும். திறந்த 60 நாளில் முடிக்கச் சொல்லியிருந்தால் 60 மி.லி. வீண். அப்போது உண்மை விலை 10 ரூபாய் 42 காசு. இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் திரவம் கட்டுப்படியாகும். ஒரே குழந்தை என்றால் சின்ன பாட்டில் அல்லது கேப்சூல்.

மருத்துவ ஆலோசனைக்குச் செலவு செய்ய இயலாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலோ இலவசமாகக் காட்டலாம். முதல் படியில் எழுதிய மூன்று நாள் சாப்பாட்டுத் தாளும் லேபிள் படமும் கையில் இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே உருப்படியான பதில் கிடைக்கும்.

9. காறல்

வாங்கி வந்ததும் ஒரு கேப்சூலை வெட்டி நீங்கள் முகர்ந்து, நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசான மீன் வாடை இயல்பு. பெயிண்ட் வாடை, பழைய பலகார எண்ணெயின் காறல், தொண்டையில் கரகரப்பு இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கடும் சுவையூட்டி போட்ட எண்ணெயில் காறல் மறைந்துவிடும். சுவையில்லாததை விரும்ப இதுவும் ஒரு காரணம்.

சித்திரை, வைகாசியில் கூரியரில் வரவழைக்காதீர்கள். வெயிலில் வண்டிக்குள் நாள் முழுதும் கிடக்கும். காலாவதித் தேதி மட்டுமின்றித் தயாரித்த தேதியும் பாருங்கள், ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. கருநிற பாட்டில் வேண்டும். திறந்த திரவத்தைக் குளிர்பெட்டிக்கு உள்ளே வையுங்கள். அதன் தலைமேல் வைத்தால் அது சூடான இடம். குளிரில் எண்ணெய் கலங்கித் தெரிந்தால் பயம் வேண்டாம், உறையும் கொழுப்பு கொஞ்சம் படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

10. கொடுக்கத் தொடங்குவது

முதல் வேளையைக் காலையில், மருத்துவமனை திறந்திருக்கும் நாளில் கொடுங்கள். இரவில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அதே வாரத்தில் வேறு எந்தப் புது உணவும் புது மருந்தும் வேண்டாம். சொறி வந்தாலும் வயிறு கெட்டாலும் எதனால் என்று தெரியாமல் போகும். முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்த நான்கு நாள் அரைப் பங்கு, எட்டாம் நாளிலிருந்து முழு அளவு. உதடு வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், அடுத்தடுத்து வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்கு. டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

திரவத்தை வீட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் ஊசியில்லாத சிரிஞ்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கும், 1.5 மி.லி. கோடு தெளிவாகத் தெரியும். சின்னக் குழந்தைக்குக் கேப்சூலை முழுதாகக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். சுத்தமான கத்தரியால் நுனியை வெட்டிப் பிழியுங்கள். பிழிந்த ஓடு குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் போகட்டும்.

எதோடு கலப்பது? ஆறிய இட்லிக்குப் பொடி குழைக்கும் நல்லெண்ணெயோடு சேர்த்துவிடலாம். பொடியின் காரமும் பெருங்காயமும் வாடையை மூடும். மாம்பழக் கூழ், மசித்த நேந்திரம்பழம், பாலில்லாப் பத்தியத்தில் கெட்டித் தேங்காய்ப்பால், பால் ஒத்துக்கொள்ளும் குழந்தைக்குக் கெட்டித் தயிர் எல்லாம் நன்றாகச் சேரும். ஆவி பறக்கும் சோற்றில் விட்டால் வாடை வீடெல்லாம் எழும்பி, குழந்தை தட்டையே தள்ளிவிடும். அதுவும் உணவில் மிகவும் தேர்ந்தெடுத்துச் சாப்பிடும் குழந்தை என்றால் அதற்கு மிகப் பிடித்த உணவில் ஒளித்துக் கலக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்த ஒரு உணவும் கையை விட்டுப் போகும். ஏற்கெனவே உணவு குறைவாக இருக்கும் வீட்டில் அந்த இழப்பு மிகப் பெரியது. அந்தக் குழந்தைக்கு மருந்து போலத் தனியாக, சொல்லியே கொடுப்பது மேல்.

மீன் ஏப்பம் வந்தால் வெறும் வயிற்றில் கொடுத்திருப்பீர்கள். சாப்பாட்டின் நடுவே கொடுங்கள், தேவைப்பட்டால் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். மலம் எண்ணெய்ப் பசையாகத் தளர்ந்து போனால் அளவைப் பாதியாக்கி ஒரு வாரம் கழித்து ஏற்றுங்கள்.

11. மூன்று மாதம் கழித்து

தொடங்கிய தேதி, பேட்ச் எண், அளவு மூன்றையும் நாட்காட்டியில் எழுதியிருப்பீர்கள். ஒவ்வொரு புது டப்பாவுக்கும் சேர்மானப் பட்டியலை மறுபடி படியுங்கள். அதே பெயர், அதே படம், ஆனால் ஓடோ சுவையூட்டியோ சொல்லாமல் மாறியிருக்கும். மூன்று மாதத்தில் எடை, உயரம், சாப்பாட்டுத் தாள் ஆகியவற்றோடு மருத்துவரை மறுபடி பாருங்கள். பத்தியம் தளர்ந்து குழந்தை வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு சாப்பிடத் தொடங்கியிருந்தால், அடுத்த டப்பா வாங்க வேண்டாம்.